கோடாலி முடிச்சு, தாழம்பூச் சடை, கட்டுக்குடுமி: எது எப்படி இருக்கும், எப்படிப் போடுவது?

நீங்கள் கேட்டது இது: 1950 வாக்கில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் நாடகத்தை உங்கள் கல்லூரிக் குழு மேடையேற்றுகிறது. பிரதியில் ‘அள்ளி முடிந்த தலை’, ‘கோடாலி முடிச்சு’, ‘மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை’, ‘தாழம்பூச் சடை’, ‘கட்டுக்குடுமி’, ‘பாகவதர் கிராப்பு’, கடைசிக் காட்சியில் ‘தலைவிரி கோலம்’ என்றெல்லாம் குறிப்புகள் இருக்கின்றன. இவற்றில் எவை ஒன்று, எவை வேறு, தமிழில் இந்தப் பெயர்களுக்கு முழுப் பட்டியல் உண்டா என்கிறீர்கள். பட்டியல் கேட்டாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது, ஒவ்வொரு பெயருக்கும் நடிகர் தலையில் என்ன செய்வது, அது இரண்டு மணி நேரம் நிற்குமா என்பதுதான். எனக்குத் தொழில் மணப்பெண், நாட்டிய, மேடை அலங்காரம். ஆகவே கைவேலையை உறுதியாகச் சொல்கிறேன். பழைய இலக்கியச் சொற்கள் சிலவற்றைப் பற்றி அந்த உறுதி யாருக்கும் இருக்க முடியாது. அவை வரும் இடத்தில் ஏன் என்றும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வழி. பெயரை விட்டுவிட்டுக் குறிப்பில் உள்ள வினையைப் பாருங்கள். ‘முடிந்தாள்’ என்றால் முடியை முடியாலேயே முடிச்சிட்டாள், நூலும் ஊசியும் இல்லை. ‘கட்டினாள்’ என்றால் கயிறோ ரிப்பனோ உண்டு. ‘பின்னினாள்’ என்றால் குறைந்தது மூன்று கால். ‘சுற்றினாள்’ என்றால் பின்னியதையோ முறுக்கியதையோ வட்டமாகச் சுருட்டி ஊசி குத்தியிருக்கிறாள். ‘செருகினாள்’ என்றால் நுனி உள்ளே போய்விட்டது. தலையை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது வினையிலேயே இருக்கிறது. எது எளிதில் அவிழும், எதை அவிழ்க்க ஆள் வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். ‘கொண்டை போட்டாள்’ ஒன்றுதான் மழுப்பலான சொல். அது முடிந்ததாகவும் இருக்கலாம், சுற்றியதாகவும் இருக்கலாம். பிரதியில் அப்படி வந்தால் பாத்திரத்தின் வயதையும் வேலையையும் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். வயலில் நிற்பவளுக்கு முடிந்த கொண்டை, விசேஷத்துக்குக் கிளம்பியவளுக்குச் சுற்றிய கொண்டை.

இன்னொன்று, வீட்டுப் பேச்சில் யாரும் ‘கூந்தலை வாரினாள்’ என்று சொல்வதில்லை. தலை வாருவது, தலை சீவுவது, தலை பின்னுவது, தலையை முடிந்துகொள்வது என்று முடிக்குப் பெயரே தலைதான். யாழ்ப்பாணத்தில் தலை இழுப்பது என்பார்கள். உங்கள் பிரதியில் மாமியார் மருமகளைப் பார்த்து ‘கூந்தலை முடி’ என்று அதட்டுவதாக எழுதியிருந்தால் ‘தலையை அள்ளி முடி’ என்று மாற்றிவிடுங்கள்.

எந்த அலங்காரத்துக்கும் முந்தைய வேலை சிக்கெடுப்பது. நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் சிக்கெல்லாம் நுனியில் சேர்ந்து இறுகி, கடைசியில் முடிதான் அறும். அந்தக் காலத்தில் இதற்கென்றே சிணுக்கோலி என்று கூர்முனைக் கருவி ஒன்று இருந்தது. சில வீடுகளில் சிணுக்குவாரி என்பார்கள். அதே முனையால் வகிடும் எடுப்பார்கள். மேடையில் பக்கத்தில் வைத்தால் அழகான பொருள். வகிடு நேர் வகிடா, கோண வகிடா என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். கிராமத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் நேர் வகிடு வையுங்கள். பட்டணத்தில் படித்துவிட்டு வரும் பெண் ஒருத்தி நாடகத்தில் இருந்தால் அவளுக்கு மட்டும் கோண வகிடு கொடுத்துப் பாருங்கள், வசனம் இல்லாமலேயே வித்தியாசம் தெரியும். நெற்றிச்சுட்டி வைக்கும் மணப்பெண்ணுக்கு நேர் வகிடு கட்டாயம், ஏனென்றால் சுட்டியின் சங்கிலி அந்தக் கோட்டின்மேல்தான் கிடக்கும். மூக்கு நுனிக்கு நேராக முனையை வைத்து உச்சிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை திருத்தினால் கோடு பாம்பாக நெளிந்துவிடும்.

அள்ளி முடிவதுதான் இருப்பதிலேயே எளிது, அதனாலேயே பலரும் தப்பாகச் செய்வது. சீப்பு தேவையில்லை. இரண்டு கையாலும் முடி முழுவதையும் பிடரிக்கு மேல் அள்ளி, இடக்கையில் பிடித்து, வலக்கையால் ஒரே திசையில் முறுக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற முடி தானாகவே சுருண்டுகொள்ளப் பார்க்கும். அது தொடங்கியதும் முறுக்கிய முடியை அடியைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவந்து, நுனியை அந்த வட்டத்துக்குள் நுழைத்து இழுத்துவிட்டால் முடிந்தது. முறுக்கு குறைவாக இருந்தால் பத்து நிமிடத்தில் தளர்ந்து இறங்கும். ஷாம்பு போட்டுக் குளித்த அன்றைய முடி வழுக்கிக்கொண்டே போகும். முதல் நாள் தலை குளித்துவிட்டு, நாடகத்தன்று உள்ளங்கையில் சில சொட்டு எண்ணெய் தேய்த்துத் தலையில் தடவினால் பிடிப்பு வரும். எண்ணெயை வழிய வழிய வைத்தால் மேடை விளக்கில் தலை கண்ணாடிபோல் பளபளத்து முகத்தைவிட முன்னால் நிற்கும். முடியின் நீளம் முதுகின் நடுப்பகுதியைத் தாண்டியிருக்க வேண்டும். தோள்வரை உள்ள முடியில் இது நிற்காது.

கோடாலி முடிச்சு இதன் இன்னொரு வடிவம். முறுக்குவது வரை எல்லாம் அதேதான். வட்டத்துக்குள் நுனி முழுவதையும் இழுத்துவிடாமல், முறுக்கிய முடியை நடுவில் மடித்து அந்த மடிப்பை மட்டும் நுழைத்து நிறுத்திவிட வேண்டும். மடிப்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு கோடாலியின் அலகுபோல் நிற்கும், நுனி மறுபக்கம் கொஞ்சம் தொங்கும் அல்லது அடியில் செருகப்பட்டிருக்கும். சுருக்கு முடிச்சுபோல, நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழும். களத்துமேட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பொருத்தமான முடிச்சு இது. இரண்டு கையும் ஐந்து விநாடியும் போதும், குனிந்தாலும் முகத்தில் விழாது. கோடாலிக் கொண்டை என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெயர்களை ஊருக்கு ஊர் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. சில இடங்களில் பிடரியில் சாதாரணமாக முடிந்ததையே கோடாலி முடிச்சு என்பார்கள். ஆகவே ‘இதுதான் சரி, அது தப்பு’ என்று யாராவது அடித்துப் பேசினால் அவருடைய ஊர் வழக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிய கொண்டை வேறு வகை வேலை. முதலில் பின்னிக்கொண்டு, பின்னலை அடியைச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோல் வட்டமாகப் படிய வைத்து, நுனியை அடியில் செருகிக் கொண்டை ஊசி குத்த வேண்டும். மலைப்பாதை வளைவுக்குப் பெயர் கொடுத்ததே இந்த ஊசிதான், இரண்டு கால் உள்ள வளைந்த கம்பி. இதைக் குத்துவதில் எல்லோரும் செய்யும் பிழை, கொண்டையின் நடுவை நோக்கி நேராகக் குத்துவது. அப்படிக் குத்திய ஊசி தலையை ஆட்டினால் வெளியே வந்துவிடும். ஊசியின் காலைக் கொண்டையின் விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்து நுழைத்து, விளிம்பு முடியோடு தலைமுடியும் கொஞ்சம் மாட்டியதும், அப்படியே உள்பக்கம் திருப்பித் தள்ள வேண்டும். அப்போதுதான் கொண்டை முடியும் தலைமுடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கொண்டைக்கு நான்கு திசையில் நான்கு ஊசி போதும், கனத்த முடிக்கு ஆறு. பன்னிரண்டு குத்தினால் பலமாகாது, தலைவலிதான் மிச்சம்.

பின்னிச் சுற்றி, அகலமாக வைத்து, வலையோ பூச்சரமோ சுற்றிய கொண்டையைப் பல வீடுகளில் பிச்சோடா என்பார்கள். நகரத்துப் பெண், வசதியான வீட்டுப் பெண் என்று காட்ட இது சரியாக இருக்கும். ஆண்டாள் கொண்டை என்பது பிடரியில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உயரமாக நிற்பது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருவுருவத்தைப் பார்த்து வந்த பெயர். ஐயங்கார் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு இதைப் போடுவது வழக்கம். உள்ளே திணிப்பு இல்லாமல் நிற்காது. மேடைக்குச் சவுரியை, அதாவது ஒட்டு முடிக் கற்றையை, உருண்டையாகச் சுருட்டி வலைக்குள் போட்டு, அதன்மேல் சொந்த முடியைப் பரப்பி மூடிவிடுங்கள்.

இனிப் பின்னல், சடை. இன்றைய பேச்சில் இரண்டும் ஒன்றுதான். எழுதும்போது ஜடை என்றும் எழுதுகிறோம். பழைய நூல்களில் சடை என்று வந்தால் மட்டும் கவனம், அது பெரும்பாலும் சிவபெருமானுடைய, துறவிகளுடைய திரிதிரியாகத் திரண்ட முடி. பின்னலின் ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் கால். மூணு கால் பின்னல் வழக்கமானது. நாலு கால், அஞ்சு கால் பின்னல்கள் பட்டையாக, பாய்போல் வரும். அடர்த்தியில்லாத தலையில் அஞ்சு கால் போட்டால் ஒவ்வொரு காலும் நூலாகி, நடுவில் வெளிச்சம் தெரியும். பின்னும்போது முடி ஐந்தில் ஒரு பங்கு வரை நீளம் குறையும். அதனால் இடுப்புவரை உள்ள முடி பின்னினால் இடுப்புக்கு மேலேயே நிற்கும். நுனி மெலிந்து போனால் எலிவால் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியையும் நீளக் குறைவையும் ஒன்றாகத் தீர்ப்பதுதான் சவுரி.

சவுரி வைப்பதில் இடம்தான் முக்கியம். மேலே பிடரியிலேயே கட்டினால் கனம் முழுவதும் அங்கே தொங்கும், காதுக்குப் பின்னால் கறுப்பு முண்டு தெரியும். சொந்த முடியை மூன்று நான்கு பின்னல் போட்டு இறுக்கிக்கொண்ட பிறகு சவுரியின் மூன்று காலையும் சொந்த முடியின் மூன்று காலோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு பின்ன வேண்டும். மூன்றையும் ஒரே காலில் சேர்த்தால் பின்னல் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். நிறம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கடைச் சவுரி நல்ல கறுப்பு, நம் மாணவிகளின் முடியோ வெயிலில் செம்பட்டை பாய்ந்திருக்கும். சேருமிடத்தில் ஒரு சுற்றுப் பூ வைத்துவிட்டால் கண் அங்கே போகாது. நுனியில் குஞ்சலம் கட்டினால் அந்தக் காலத்துத் தோற்றம் வந்துவிடும். அது வெறும் அழகுக்கு இல்லை, பின்னல் நுனி அவிழாமல் பிடிக்கும் கட்டும் அதுதான். விலை உயர்ந்தது வேண்டாம், கறுப்புப் பட்டு நூலில் மூன்று குச்சு தொங்கும் சாதாரணக் குஞ்சலம் போதும். 1950 கிராமத்துப் பின்னல் நுனியில் வண்ண ரப்பர் பேண்டு மட்டும் தெரிய வேண்டாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு நாடகமே அதோடு முடிந்துவிடும்.

ரெட்டைச் சடையை மடித்துக் கட்டுவதைப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் தலையில் இன்றும் பார்க்கலாம். ஒரு சடைக்கு ஒரு மீட்டர் ரிப்பன் எடுத்து, நடுவில் மடித்து, பின்னல் முக்கால்வாசி வந்ததும் அந்த மடிப்பைப் பின்னலுக்குள் நுழைத்து, ரிப்பனின் இரண்டு முனையையும் இரண்டு காலோடு சேர்த்துக் கடைசிவரை பின்ன வேண்டும். பிறகு சடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் பின்னல் தொடங்கும் இடத்தில் ரிப்பனைச் சுற்றிப் பூப்போல முடிச்சுப் போட வேண்டும். பின்னி முடித்தபின் வெளியே ரிப்பனைக் கட்டினால் மடித்த சடை வழுக்கி இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வர, முதலில் பின்வகிட்டைப் பிடரிவரை நேராக எடுங்கள், பிழை எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது.

தாழம்பூச் சடை என்ற குறிப்பில் ஒரு நிஜச் சிக்கல் இருக்கிறது. அது உண்மையான தாழம்பூ மடலைத் தைத்த சடையாக இருக்கலாம். சடைநாகம் என்ற நகையில் தாழம்பூ வடிவில் ஒரு துண்டு உண்டு, அதை வைத்த சடையாகவும் இருக்கலாம். காட்சி கல்யாணம் என்றால் இரண்டும் பொருந்தும். ‘வாசம்’ என்று ஒரு சொல் வசனத்தில் இருந்தால் பூதான். எதுவும் இல்லையென்றால் குடும்பத்தின் வசதியைப் பாருங்கள். நகை என்றால் அடுக்கு இப்படி: பின்னுச்சியில் வட்டமான ராக்கொடி, அதன்கீழ் பிறை, பிறகு தாழம்பூ, பிறகு படமெடுத்த நாகம், அதன்கீழ் சிறுத்துக்கொண்டே போகும் பில்லைகள், கடைசியில் குஞ்சலம். ஒவ்வொரு துண்டையும் பின்னலோடு நூலால் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒரே நூலால் மேலிருந்து கீழ்வரை கட்டினால் நடிகை குனியும்போது நூல் இழுபட்டு மொத்தமும் ஒரு பக்கம் திரும்பும். முன்னால் வகிட்டின் இரண்டு பக்கமும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை. சூரியன் அவளுடைய வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம். கண்ணாடியைப் பார்த்து வைப்பவர்கள் இதைத்தான் மாற்றிவிடுவார்கள்.

உண்மையான பூ என்றால் வேலை கூடுதல், பலனும் கூடுதல். தாழம்பூவின் உள்மடல்களை மட்டும் எடுங்கள், அவைதான் இளமஞ்சளாகவும் மணமாகவும் இருக்கும். மடலின் இரண்டு ஓரத்திலும் அடிப்புற நடுநரம்பிலும் சின்னச் சின்ன முள் வரிசை உண்டு. கத்தியால் மூன்று கோட்டையும் சீவி எடுக்காவிட்டால் பிடரி முழுக்கக் கீறல்தான். சீவிய மடலை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி முக்கோணமாக மடித்து, ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கீழிருந்து மேலாகத் தைத்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து கீழே தைத்தால் தையல் எல்லாம் வெளியே தெரியும்.

எதன்மேல் தைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேரடியாகப் பின்னலில் தைத்தால் ஊசி முடிக்குள் சிக்கி, கழற்றும்போது கத்தரிக்கோல் வைக்க வேண்டி வரும். வாழைப்பட்டையைச் சடை அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் பூவைத் தைத்து, பட்டையைப் பின்னலோடு நான்கைந்து இடத்தில் கட்டிவிடுவது நல்ல வழி. பட்டையில் உள்ள ஈரம் பூவை வாடவிடாது, வளைந்தும் கொடுக்கும். அட்டை வைத்தால் பூவின் ஈரத்தில் ஊறி நொய்ந்துவிடும். தாழம்பூ மழைக்காலத்துப் பூ, உங்கள் நாடகம் கோடையில் என்றால் கிடைப்பது சிரமம். அப்போது மல்லிகை மொட்டுச் சடைக்கு மாறிவிடுங்கள், அந்தப் பருவத்தில் பூ தைத்துக்கொள்வதுதான் வழக்கமும். ஒன்றரை அடிச் சடைக்குக் கழிவு போகக் கால் கிலோ மொட்டு போதும். காம்பை அரை விரல் அளவு வைத்துக்கொண்டு, எல்லா மொட்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். மல்லிகை மொட்டு மாலையில் மலரும். ஆறரை மணி நாடகத்துக்குக் காலையில் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, மூன்று மணிக்குள் தைத்து முடித்தால் கல்யாணக் காட்சியில் சடை விரிந்து மணக்கும். பனிக்கட்டிமேல் நேராக வைத்தால் மொட்டு பழுத்ததுபோல் நிறம் மாறிவிடும்.

இவ்வளவு கனத்தையும் முன்நெற்றி முடி தாங்கக்கூடாது. பின்னல் இறுக்கம் பிடரியில் இருக்கட்டும், நெற்றியோரம் சற்றுத் தளரவே இருக்கட்டும். ஒத்திகைக்கு ஒத்திகை இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி உதிரும். நாட்டியம் ஆடுபவர்களிடம் இதைப் பார்க்கலாம். தொடர்ந்து பல ஆண்டு இழுத்தால் அங்கே முடி திரும்ப முளைக்காமலும் போகும்.

ஆண்களுக்கு வருகிறேன். குடுமியில் இடம்தான் எல்லாம். முன்தலையை மழித்துப் பின்தலையில் வளரவிட்டு முடிவது பின்குடுமி. முடியை முன்பக்கமாகக் கொண்டுவந்து முடிவது முன்குடுமி. சிதம்பரம் தீட்சிதர்களிடமும் முன்குடுமிச் சோழியரிடமும் கேரள நம்பூதிரிகளிடமும் இருந்தது அது. ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்ற பழமொழி இந்தக் குடுமியைப் பார்த்துத்தான். கதையில் வரும் வைதீகருக்கு அவசரத்தில் குடுமியை முன்னால் வைத்துவிட்டால் அவர் வேறு சமூகத்து ஆளாகிவிடுவார், தஞ்சாவூர்க்காரர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். கட்டுக்குடுமி என்பது நீண்ட முடியை இரண்டு விரலில் சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே இழுத்து இறுக்கிய சின்ன முடிச்சு. ‘கட்டு’ என்று பெயரில் இருந்தாலும் கயிறு கிடையாது, நான் மேலே சொன்ன வினைக் கணக்குக்கு இது விலக்கு. பெண்ணின் கொண்டை பிடரியில் படுத்திருக்கும், இது பின்னுச்சியில் சின்னதாக இறுகி நிற்கும். குடியானவர்கள் பலரும் அந்தத் தலைமுறைவரை குடுமி வைத்திருந்தார்கள், அது ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1950 என்பதால் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குக் குடுமியும் இளைஞர்களுக்குக் கிராப்பும் வைத்தால் நம்பும்படி இருக்கும்.

மழித்த முன்தலைக்கு டோப்பாதான் வழி. நாடக உடை வாடகைக் கடைகளில் முன்தலை வழுக்கையோடு குடுமி டோப்பா கிடைக்கும். நெற்றியில் அது சேரும் விளிம்பை ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசை வைத்து ஒட்டி, முகத்துக்குப் போடும் அதே பூச்சை விளிம்பைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். நெற்றியைச் சுருக்கி நடிப்பவராக இருந்தால் ஒட்டு விலகும், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வசனம் குறைந்த பாத்திரங்களுக்கு ஒரு துண்டை முண்டாசாகக் கட்டி, பின்னால் சவுரியில் செய்த முடிச்சு மட்டும் எட்டிப் பார்க்கும்படி விட்டால் செலவில்லை.

பாகவதர் கிராப்பு எம்.கே. தியாகராஜ பாகவதரால் வந்த பெயர். வகிடு இல்லாமல் முழுவதையும் பின்னுக்கு வாரி, பிடரியில் தோள்வரை சுருண்டு நிற்க விடுவது. அவர் கொடிகட்டிப் பறந்தது 1930களின் நடுவிலிருந்து பத்தாண்டுகள். ஆக 1950இல் அதை இன்னும் வைத்திருப்பவன் இளைஞன் இல்லை, தன் இளமையை விட மனசில்லாத நாற்பது வயதுக்காரன். நாடகாசிரியர் அதைத் தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், நடிகர் தேர்வில் அதைப் பாருங்கள்.

பட்டியல் கேட்டீர்களே. இலக்கியத்தில் பெண்ணின் தலைமுடிக்குக் கூந்தல், ஓதி, கதுப்பு, கூழை, முச்சி, குழல் என்றும், ஆணுக்குக் குஞ்சி, பங்கி, பித்தை, ஓரி என்றும் சொற்கள் உண்டு. இவ்வளவு உறுதி. ‘ஐம்பால்’ என்று பெண்ணின் கூந்தலுக்கு ஒரு பெயர் உண்டு, ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரைகள் சொல்கின்றன. அந்த ஐந்து எவை என்பதில்தான் ஒற்றுமை இல்லை. ஒரு பட்டியல் குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்கிறது. இன்னொன்று முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்கிறது. பாடல்களுக்கும் உரைகளுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி. உரைகாரர் தம் காலத்தில் கண்ட அலங்காரத்தை வைத்து விளக்கியிருக்கலாம். ‘பனிச்சை இப்படித்தான் இருக்கும்’ என்று படம் போட்டுக் காட்டுபவர்கள் ஊகத்தைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் நாடகத்துக்கு இவை எதுவும் வேண்டாம், 1950 கிராமத்தில் யாரும் பனிச்சை போட்டுக்கொள்ளவில்லை.

மயிர் என்ற சொல்லைப் பிரதியில் அடித்துவிட்டோம் என்றீர்கள். கொஞ்சம் பொறுங்கள். திருக்குறள் 964இல் ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்று கூசாமல் வருகிறது. இலங்கையில் தலைமயிர் இன்றும் சாதாரணச் சொல். தமிழ்நாட்டில் அது வசவாகிவிட்டது என்பதும் உண்மை. ஒரு கிழவர் யதார்த்தமாக ‘தலைமயிர்’ என்று சொன்னால் விட்டுவிடலாம், ‘தலை’ சேர்ந்து வரும்போது கடுமை குறைகிறது. தனியாக வந்தால் அரங்கம் சிரிக்கும். கோயில் காட்சியில் மொட்டை போடுவது, முடி இறக்குவது என்று எழுதியிருப்பது சரி. பெண்கள் நுனியில் கொஞ்சம் மட்டும் வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பதைப் பூமுடி கொடுப்பது என்பார்கள், அங்கே ‘மொட்டை’ வரக்கூடாது.

கடைசிக் காட்சி, தலைவிரி கோலம். கதாநாயகி வசனம் பேசிக்கொண்டே தன் கையால் தலையை அவிழ்க்க வேண்டும் என்கிறது உங்கள் குறிப்பு. அதற்கு முந்தைய காட்சியில் அவளுக்குச் சுற்றிய கொண்டை போட்டிருந்தால் இது நடக்காது. ஊசி ஒவ்வொன்றாக விழும், பின்னல் பிரியாமல் கயிறாகத் தொங்கும், அரங்கம் காத்திருக்கும். அந்தக் காட்சிக்கு முன் உள்ளே போகும் இரண்டு நிமிடத்தில் ஊசிகளை எடுத்துவிட்டு, பின்னலைப் பிரித்து வாரி, கோடாலி முடிச்சாகப் போட்டு அனுப்புங்கள். சவுரி இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கையோடு வந்துவிடும். தொங்கும் நுனி அவள் எந்தக் கையை உயர்த்துகிறாளோ அந்தப் பக்கம் இருக்கட்டும். பின்னியிருந்த முடி நெளிநெளியாக இருக்கும், அது நல்லதுதான், விரியும்போது கனமாகத் தெரியும். ஒத்திகையில் பத்துத் தடவையாவது இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் அன்று கூடிப்போனால் இழுக்கும் முன்பே அவிழும், குறைந்துபோனால் சிக்கும்.